ஒரே இடத்தில் இரண்டு தடவை

குடிக்காத ஒருவன், குடித்தேன் என்று ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? ரேடியோ காரணங்களை விரல் விட்டு எண்ணப் பார்த்தான். முதல் விரல் மடங்குவதற்குள்ளேயே கணக்கு முடிந்துவிட்டது.

"பொண்டாட்டி தொல்லை தாங்காம ஜெயிலுக்குப் போறவங்க உண்டு" என்று ஆரம்பித்தவன், எதிரே உட்கார்ந்திருப்பது அந்தப் பொண்டாட்டியேதான் என்பது நினைவுக்கு வந்து, "பொதுவா சொன்னேம்மா" என்று அசடு வழிந்தான்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. யாரோ பிடுங்க வருவதுபோலக் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் ஆம்புலன்ஸ் டிரைவர். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாக அவன்மேல் வழக்கு. மறுநாள் காலையில் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதாகச் சொல்லிவிட்டு, வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"குடிகாரருக்குப் பொறந்து வளந்தவ நான்" என்றாள் அவள். "எங்கப்பா எதை மென்னுட்டு வந்தாலும் தெருமுனையிலயே கண்டுபிடிச்சுடுவேன். அன்னிக்கு ஸ்டேஷனுக்கு ஓடிப்போய் இவர் வாயை மோந்து பாத்தேன். ஒண்ணுமே இல்லை. சட்டையில டீசல் வாசம்தான் அடிச்சுது. இதை நான் யார்கிட்ட போய்ச் சொல்றது?"

"மூக்கைச் சாட்சிக் கூண்டுல ஏத்த முடியாதேம்மா" என்றான் ரேடியோ.

மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணி ஒரு பார்வை பார்த்தாள். ரேடியோ வாயை மூடிக்கொண்டான். அவனை மூட வைக்கிற பார்வை உலகத்தில் அது ஒன்றுதான். வாயை மூடவே தெரியாத பிள்ளை என்று பள்ளிக்கூடத்திலேயே ஒட்டிக்கொண்ட பெயர் ரேடியோ. நாடகக் குழுவில் காமெடி வேஷம் போட்டுக்கொண்டிருந்தவன். அவனுடைய அண்ணன்தான் இந்தத் துப்பறியும் ஆபீசைத் தொடங்கியவர். ஒரு நாள் இதே நாற்காலியில் மாரடைப்பு வந்து சாய்ந்தார். மறுவாரம் அண்ணி அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். வாசல் போர்டில் இன்னும் அண்ணன் பெயர்தான் இருக்கிறது. அதைக் கழற்றும் தைரியம் இரண்டு பேருக்குமே இல்லை.

"வழக்கை முதல்லேருந்து சொல்லுங்க" என்றாள் அண்ணி, பெண்ணோடு வந்திருந்த வக்கீலைப் பார்த்து.

வக்கீல் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டார். "சாயங்காலம். ஆஸ்பத்திரி ரோட்டுல ஒரு கார் ஓரமா நிக்குது. சொந்தக் கார்தான், அன்னிக்கு இவருக்கு லீவு. இன்ஜின் ஓடுது. இவர் ஸ்டியரிங் மேல தலையைச் சாய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். ரோந்து போலீஸ் கண்ணாடியைத் தட்டுறார். கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கு. கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை."

"ஊதச் சொன்னாங்களா?"

"ஊதுற மெஷின் ரிப்பேருக்குப் போயிருந்துச்சு. அதனால கீழ இறங்கி வெள்ளைக் கோட்டுமேல நடக்கச் சொன்னாங்க. நடந்தார். நடுவுல கோட்டை விட்டு விலகிட்டார். 'குடிச்சிருக்கியா?'ன்னு கேட்டதுக்கு 'ஆமா'ன்னுட்டார். ரத்தம் எடுக்க வேண்டாம்னும் சொல்லிட்டார். மெஷின் கணக்கும் இல்லை, ரத்தமும் இல்லை, வெறும் நடையை வெச்சு ஒருத்தனைக் குடிகாரன்னு சொல்ல முடியாதுன்னு நான் வாதாடினேன். களைப்பா இருந்தாலும் கால் தடுமாறும், காது அடைச்சிருந்தாலும் தடுமாறும். ஜட்ஜ் பாதி மனசா ஒத்துக்கிட்டார். ஆனா ஒரே ஒரு கேள்வி கேட்டார். 'அவ்வளவு நேரா நடந்தவர் நடுவுல ஏன் விலகினார்? குடி இல்லைன்னா வேற காரணம் சொல்லுங்க'ன்னார். என் கட்சிக்காரர் வாயைத் திறக்க மாட்டேங்கறார். திறந்தா, குடிச்சேங்கறார்!"

"ஒத்துக்கிட்டா?"

"லைசென்ஸ் போகும், வேலை போகும், ஜெயிலும் உண்டு. குடிகார ஆம்புலன்ஸ் டிரைவர்னு ஒரு தடவை எழுதிட்டா, அப்புறம் அந்த ஆளுகிட்ட யார் சைக்கிள் குடுப்பாங்க?"

டிரைவரின் மனைவி மெதுவாகச் சொன்னாள். "ஜெயிலைக்கூடத் தாங்கிக்கலாங்க. அதுக்கு முன்னாடியே அவர் எங்கேயோ போயிட்டார். ரெண்டு வருஷமா எங்க வீட்டுல நாங்க மூணு பேர் இல்லை, நாலு பேர். பேசிக்கிட்டே இருப்பார், சட்டுனு தலையைத் திருப்பிப் பின்னாடி பார்ப்பார். அங்க யாரும் இருக்க மாட்டாங்க. புள்ளை விளையாட்டு வண்டி ஒண்ணு வெச்சிருந்தான், அமுக்கினா சைரன் அடிக்கும். அதைப் பிடுங்கித் தெருவுல போட்டு மிதிச்சுட்டார். புள்ளையை அதட்டிக்கூடப் பேசாத மனுஷன். என்னன்னு கேட்டா, தூக்கம் போதலைங்கறார்."

ரேடியோவும் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

போலீஸ்காரர் சட்டையில் மாட்டியிருந்த கேமரா எடுத்த வீடியோவை வக்கீல் கம்ப்யூட்டரில் ஓட்டினார். சாயங்கால வெளிச்சம். ரோட்டோர வெள்ளைக் கோட்டின்மேல் ஒரு மனிதன் குதிகாலை விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கிறான். தச்சர் நூல் பிடித்த மாதிரி நேராக வருகிறான். அடியில் வளைந்த ஒரு விளக்குக் கம்பத்துக்கு நேரே வந்ததும், கால் கோட்டை விட்டு வெளியே போகிறது. அரை வட்டமாகச் சுற்றி, மறுபடியும் கோட்டுக்கு வருகிறான்.

வக்கீல் வீடியோவை நிறுத்தினார். "இதுதான் சிக்கல்."

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இவ்வளவுதான் மேடம். அரசு வக்கீலும் கோர்ட்டுல இதோட நிறுத்திடுவார். மிச்சம் ஒண்ணும் இல்லை, திரும்பி வருவார், அவ்வளவுதான்."

"திரும்பி வரட்டும். பாக்கலாம்."

மிச்சத்தையும் பார்த்தார்கள். அண்ணி இன்னொரு தடவை போடச் சொன்னாள். பிறகு ரேடியோவைப் பார்த்து, "நீ நாடகத்துல குடிகாரன் வேஷம் போடுவியே, அதை இப்ப போடு. இந்த டைல்ஸ் கோட்டுமேல கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வா" என்றாள்.

"இவங்க முன்னாடியா அண்ணி?"

"உனக்கு வெட்கம் எப்போலேருந்து?"

ரேடியோ சட்டையை ஒரு பக்கம் வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு புறப்பட்டான். அந்த வேஷத்துக்கு மூன்று ஜில்லா கைதட்டும். பீரோவில் இடித்து அதனிடம் மன்னிப்புக் கேட்டான், கதவுக்கு வணக்கம் வைத்தான், திரும்பும்போது வக்கீலின் மடியில் உட்காரப் போனான். டிரைவரின் மனைவிகூட ஒரு நொடி சிரித்துவிட்டாள்.

"போகும்போது எங்க தடுமாறின?"

"பீரோகிட்ட."

"வரும்போது?"

"வக்கீல் சார்கிட்ட. எங்க தோணுதோ அங்கதான் அண்ணி. ஒரே இடத்துல தடுமாறணும்னா அதுக்கு நிதானம் வேணுமே!" சொன்னவன் பாதியில் நின்றான். கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான்.

அண்ணி வீடியோவை மூன்றாவது முறை ஓட்டினாள். போகும்போது வளைந்த கம்பத்துக்கு நேரே விலகினான். திரும்பி வரும்போதும் அதே கம்பத்துக்கு நேரே, அதே அளவுக்கு, அதே அரை வட்டம்.

"இவர் தள்ளாடலை" என்றாள் அண்ணி. "எதையோ சுத்திக்கிட்டுப் போறார்."

வக்கீல் எழுந்தே நின்றுவிட்டார். "இதை வெச்சே நாளைக்கு ஜெயிச்சுடலாம் மேடம்!"

"எதைச் சுத்தினார்னு ஜட்ஜ் கேப்பாரே. அதைப் பாத்துட்டு வந்துடறோம்."

*

ஆஸ்பத்திரி ரோட்டில் மதிய வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவர்கள் காரை நிறுத்துவதற்குள்ளேயே ஓர் ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போயிற்று. எல்லா வண்டிகளும் ஒதுங்கி வழிவிட்டன. நடந்துபோனவர்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை.

ரேடியோ வளைந்த கம்பத்தைக் கண்டுபிடித்து, அதற்கு நேரே வெள்ளைக் கோட்டின்மேல் போய் நின்றுகொண்டான். "இங்கதான் அண்ணி. பள்ளம் இல்லை, மேடு இல்லை, சாணி இல்லை. புதுசா போட்ட ரோடு, என் மொட்டை மாமா தலை மாதிரி பளபளன்னு இருக்கு. எதைச் சுத்தினாரோ மனுஷன்."

"சார்! அங்க நிக்காதீங்க!"

எதிரே பஞ்சர் கடை. தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை முக்கிக்கொண்டிருந்த மனிதர் அப்படியே எழுந்து நின்று கத்தினார். ஐம்பது வயதிருக்கும். முழங்கை வரை ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. ரேடியோ துள்ளி நகர்ந்தான். எதற்கு நகர்ந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார் அவர், குரலைத் தணித்து. "யாரும் அங்க நின்னு நான் பாத்ததில்லை. சட்டுனு வந்துடுச்சு."

கடைக்குள் ஒரு பெஞ்சு இருந்தது. அண்ணி உட்கார்ந்தாள். தாங்கள் யார், எதற்கு வந்திருக்கிறோம் என்று மறைக்காமல் சொன்னாள். ஆம்புலன்ஸ் டிரைவர் என்றதும் அவர் முகம் இளகிவிட்டது.

"அவர் குடிச்சார்னு கேஸ் போட்டிருக்காங்களே, கர்மம்! தங்கமான மனுஷங்க அவர். நாளைக்கு நான் கோர்ட்டுக்கு வரேன். நல்ல மனுஷன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்னு வக்கீல் கேட்டிருக்கார். கடையை மூடிட்டு வரேன்."

"எப்படிப் பழக்கம்?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கை காய்ந்த பிறகும் துடைத்தார். "என் வீட்டுக்காரி எனக்கு டீ எடுத்துக்கிட்டு ரோட்டைத் தாண்டி வருவா. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, நல்ல மழை. குடை பிடிச்சுக்கிட்டு வந்திருக்கா. எதுவோ அடிச்சுட்டு நிக்காமப் போயிடுச்சு. நான் உள்ளே காத்தடிக்கிற மெஷினைப் போட்டுட்டு இருந்தேன். அந்த இரைச்சல்ல ஒண்ணும் கேக்கலை. வெளிய வந்து பாத்தா, இதோ இவர் நின்னாரே, அங்க கிடக்கறா. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லை. நானே தூக்கிட்டு வந்து இந்தப் பெஞ்சுல போட்டேன். ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினேன். அப்ப வந்தவர்தான் அந்த டிரைவர்."

ரேடியோ தொடையில் தட்டிக்கொண்டான். விடை கைக்கு வந்துவிட்டது! அடிபட்டவளை வந்து தூக்கிய டிரைவர், அவள் கிடந்த இடத்தை மிதிக்க மனம் வராமல் சுற்றிப் போயிருக்கிறான். இதைச் சொன்னால் ஜட்ஜே கண்ணைத் துடைத்துக்கொள்வார். "அண்ணி, முடிஞ்சுது. கிளம்பலாமா?"

அண்ணி நகரவில்லை. "அவர் உங்க வீட்டுக்காரம்மாவை எங்கேருந்து தூக்கினார்?"

"இந்தப் பெஞ்சுலேருந்துதான். வண்டியை வாசல்ல ஒட்டி நிறுத்தினார்."

"ரோட்டுப் பக்கம் போனாரா?"

"எதுக்குப் போகணும்? அங்க என்ன இருக்கு? ரத்தத்தைக்கூட மழை கழுவிடுச்சு."

"அப்புறம் போலீஸ் வந்து இடத்தைக் குறிச்சிருப்பாங்களே?"

"வந்தாங்க. அவங்களா ஒரு இடத்துல சாக்பீஸால வட்டம் போட்டாங்க, அந்தா அந்தப் பக்கம், மரத்துக்கிட்ட. நான் திருத்தலை. அவ எங்க கிடந்தான்னு எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும், ஊருக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். அதுக்கப்புறம் ரோடே புதுசாப் போட்டாச்சு. இன்னிக்கு இந்தத் தம்பி அங்க நின்னதாலதான் வாயை விட்டேன்."

ரேடியோ தொடையில் தட்டிய கை அங்கேயே கிடந்தது.

"டிரைவர் உங்களைப் பாக்க வருவாரா?"

"அடிக்கடி வருவார். அவ போன அதே தேதிக்குத் தவறாம வருவார். போலீஸ் பிடிச்ச அன்னிக்கும் இங்க வந்துட்டுத்தான் போனார். இப்படி உக்காந்திருப்பார், ஒண்ணும் பேச மாட்டார். எங்க கிடந்தா, எப்படிக் கிடந்தான்னு வரவன் போறவன் எல்லாம் கேப்பான். இவர் ஒரு நாளும் கேட்டதில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்."

தொட்டியில் ட்யூபிலிருந்து காற்று குமிழிட்டுக்கொண்டிருந்தது.

பஞ்சர்காரர் தானாகவே மறுபடியும் ஆரம்பித்தார். "ஆனா அவளைக் கொன்னது அந்த வண்டி மட்டும் இல்லைம்மா. நானும்தான். ஆம்புலன்ஸ்ல ஏத்தினப்ப உயிர் இருந்துச்சு. நானும் பக்கத்துல உக்காந்திருந்தேன். சைரன் போட்டதும் உடம்பெல்லாம் தூக்கித் தூக்கிப் போடுது அவளுக்கு. கண்ணு அப்படியே நிலைகுத்தி நிக்குது. சத்தம் தாங்கலை போலன்னு நினைச்சு, 'நிறுத்துங்க தம்பி, அவ பயப்படறா'ன்னு கத்தினேன். அவரும் நிறுத்திட்டார். ஆஸ்பத்திரி வாசல்ல அவ போயிட்டா. சைரன் இருந்திருந்தா வழி கிடைச்சிருக்கும், இன்னும் கொஞ்சம் சீக்கிரம் போயிருக்கலாம். நான் நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாது. இந்த ரோட்டுல ஒவ்வொரு ஆம்புலன்ஸ் போகும்போதும் அதுதான் எனக்கு."

இன்னொரு ஆம்புலன்ஸ் அப்போதுதான் கடந்து போயிற்று. அவர் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் தேய்ந்து மறையும் வரை திறக்கவே இல்லை.

காரில் ஏறியதும் அண்ணி சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். ரேடியோவால் தாங்க முடியவில்லை. "அவ விழுந்த இடம் ரெண்டே பேருக்குத்தான் தெரியும். தூக்கின புருஷனுக்கு. அப்புறம்..."

"அடிச்சவனுக்கு."

"அந்தம்மா சத்தத்துக்குப் பயப்படலை அண்ணி. அந்தச் சத்தத்தை அடையாளம் தெரிஞ்சுக்கிட்டா."

அண்ணி தலையாட்டினாள். "அடிச்ச வண்டி லாரியான்னு தேடியிருப்பாங்க, பஸ்ஸான்னு தேடியிருப்பாங்க. ஆம்புலன்ஸை யார் பாக்கறா? எல்லாரும் வழிதானே விடறாங்க."

*

டிரைவரின் வீட்டில் மனைவி இல்லை. பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். அவன் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான். ஒல்லியான மனிதன், சீராக மழித்த முகம். தேய்த்து முடித்த பாத்திரத்தையே மறுபடியும் எடுத்துத் தேய்த்தான்.

"வளைஞ்ச கம்பத்துக்கு நேரா" என்றாள் அண்ணி. "நீங்க ரெண்டு தடவை சுத்திப் போன இடத்துக்குப் போயிட்டு வரோம்."

பாத்திரம் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது. அவன் குழாயை மூட மறந்துவிட்டான். ரேடியோ எட்டிப் போய் மூடினான்.

சொல்ல ஆரம்பித்ததும் அவன் நிறுத்தவே இல்லை. இரண்டு வருஷமாக வரிசையில் நின்ற வார்த்தைகள். "வண்டியில ஒரு குழந்தை. மூச்சு நின்னு நின்னு வருது. சைரன் போட்டுக்கிட்டுப் பறக்கறேன், மழையில முன்னாடி ஒண்ணும் தெரியலை. குடை ஒண்ணு சட்டுனு தெரிஞ்சுது, அவ்வளவுதான். உள்ளே நோயாளி இருந்தா நிக்கக் கூடாது, அதுதான் எங்க வேலை. ஆனா வயர்லெஸ்ல சொல்லணும், வேற வண்டி அனுப்புவாங்க. நான் சொல்லலை. குழந்தையை இறக்கிட்டு நானே பறந்து வந்துடலாம், நானே தூக்கிடலாம்னு நினைச்சேன். குழந்தை பிழைச்சுடுச்சு. இறக்கிட்டுத் திரும்பறேன், வயர்லெஸ்ல கூப்பிடறாங்க. பஞ்சர் கடை வாசல், பெண், விபத்து, பக்கத்துல இருக்கிறது உன் வண்டிதான், போன்னு."

"போனீங்க."

"போனேன். சைரனைப் போட்டேன். கண்ணாடியில பாத்தேன். அவங்க என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

ரேடியோ தொட்டியில் விழுந்த பாத்திரத்தை எடுத்துக் கவிழ்த்து வைத்தான்.

"அன்னிக்கு போலீஸ்காரர் அந்தக் கோட்டுமேல நடக்கச் சொன்னார்" என்றான் டிரைவர். "அந்த இடத்துல கால் வைக்க முடியலை. ஏன்டா விலகினே, குடிச்சியான்னார். ஆமான்னு சொல்றது சுலபமா இருந்துச்சு. லைசென்ஸைப் பிடுங்கிக்கட்டும், உள்ளே போடட்டும். எனக்கும் ஒரு தண்டனை ஆச்சு, பொண்டாட்டி பிள்ளைக்கும் கொலைகாரன்கிற பேர் இல்லை. அப்படியே விட்டுடுங்கம்மா."

"விட்டுடலாம்" என்றாள் அண்ணி. "நாங்க உங்க வீட்டம்மாவுக்காக வேலை பாக்கறவங்க, போலீஸ் இல்லை. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. உங்களுக்கு மட்டும்தான் தண்டனைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. அந்த மனுஷன் சைரனை நிறுத்தச் சொன்னதாலதான் பெண்டாட்டி செத்தாள்னு ரெண்டு வருஷமா தினம் செத்துப் பொழைக்கறார். இன்னிக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தார்."

டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டான். "அவர் அப்படியா நினைக்கிறார்? என்கிட்ட ஒரு நாளும்... ரோடு காலியாத்தானேம்மா இருந்துச்சு! மழைக்கு ஒரு வண்டிகூட இல்லை. சைரன் இருந்தாலும் இல்லைன்னாலும் அதே நேரந்தான் ஆகியிருக்கும்!"

"இதை அவர்கிட்ட சொல்லக்கூடிய ஆள் ஒருத்தர்தான் இருக்கார்."

வாசலில் பிள்ளையின் குரல் கேட்டது. டிரைவர் முகத்தைக் கழுவிக்கொண்டான். "அவகிட்ட நானே சொல்றேன்" என்றான். எதைச் சொல்லப் போகிறான் என்று சொல்லவில்லை. அண்ணியும் கேட்கவில்லை.

*

மறுநாள் கோர்ட்டில் வக்கீலுக்குக் கல்யாண வீட்டுக் களை. அண்ணி அவரிடம் பாதியைத்தான் சொல்லியிருந்தாள். மீதியைச் சொல்வது டிரைவரின் பாடு. வீடியோவை முழுக்க ஓட்டினார். ஒரே இடம், இரண்டு தடவை, ஒரே அளவு. போதையில் இருப்பவனுக்கு இது முடியுமா என்று ஜட்ஜைக் கேட்டார், எதிர் வக்கீலைக் கேட்டார், கூரையில் சுற்றிய மின்விசிறியைக்கூடக் கேட்டார். எதிர் வக்கீல் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

ரேடியோவுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அவன் டிரைவரின் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுது வீங்கிய முகம். கணவன் சொல்லிவிட்டான் என்று தெரிந்தது. அவள் வந்து உட்கார்ந்தது பஞ்சர்காரருக்குப் பக்கத்தில். அவர் துவைத்து மடித்த சட்டை போட்டுக்கொண்டு, நல்ல வார்த்தை சொல்லத் தன் முறைக்காகக் காத்திருந்தார். "கவலைப்படாதம்மா, நான் சொல்றேன்" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார். "போதையில இருந்தவர் நடை இது இல்லைன்னு எனக்கும் தெரியுது. ஆனா ரோட்டுல ஒண்ணுமே இல்லையே. எதைச் சுத்திப் போனீங்க?"

வக்கீல் புன்னகையோடு கட்சிக்காரரைப் பார்த்தார். டிரைவர் ஜட்ஜைப் பார்க்கவில்லை. பெஞ்சுப் பக்கம் திரும்பினான்.

"நான் குடிக்கலைங்க ஐயா. போலீஸ்கிட்ட சொன்னது பொய்." பிறகு பஞ்சர்காரரைப் பார்த்தான். "அண்ணே, உங்க வீட்டுக்காரம்மாவை இடிச்சது என் வண்டிதான். குழந்தையை ஏத்திக்கிட்டுப் போனேன், நிக்கலை, யாருக்கும் சொல்லலை. அப்புறம் நானே வந்து தூக்கினேன். அவங்க பயந்தது சத்தத்துக்கு இல்லைண்ணே, எனக்குத்தான். ரோடு காலியா இருந்துச்சு. நீங்க நிறுத்தச் சொன்னதால ஒரு நிமிஷம்கூட வீணாகலை. உங்களால ஒண்ணும் ஆகலை. எல்லாம் என்னாலதான்."

வக்கீலின் புன்னகை முகத்திலேயே உறைந்து நின்றது. குடிபோதைக் குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றும், சாலை விபத்து பற்றித் தனியே விசாரிக்க வேண்டும் என்றும் ஜட்ஜ் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்க வேண்டியவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை.

வெளியே நடைபாதையில் ஒரு போலீஸ்காரர் டிரைவரின் தோளில் கை வைத்திருந்தார். பஞ்சர்காரர் நேரே அவன் முன்னால் வந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து ரேடியோ குறுக்கே போகப் பார்த்தான். அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் அடிக்கவில்லை. வலது உள்ளங்கையைத் திறந்து, அதில் என்னவோ இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ வண்டிக்குள்ள கையை நீட்டிக்கிட்டே இருந்தா தம்பி" என்றார். "உங்க முதுகுக்கு நேரா. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லை, சொல்லணும்னு தோணினதும் இல்லை. வலியில வீசறாள்னு நினைச்சுட்டேன். பிடிச்சு, மடக்கி, போர்வைக்குள்ள வெச்சேன். மறுபடியும் நீட்டினா. மறுபடியும் மடக்கி வெச்சேன். கடைசியில இந்தக் கையாலதான் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன், அசையவே விடலை."

டிரைவர் அவர் காலடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். போலீஸ்காரர் அவனை எழுப்பவில்லை. டிரைவரின் மனைவி சுவரோரமாக நின்று அழுதாள்.

"'என்ன சொல்ல வரே?'ன்னு அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார் பஞ்சர்காரர். அவர் பார்த்தது ரேடியோவை. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் ரேடியோ, அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டான்.